மூன்றாவது மணிக்குள்

முப்பத்தொரு மணி நேரமாகத் தொலைபேசி அடிக்கவில்லை.

முதலில் அது வரம்போலத்தான் இருந்தது. அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் பிரசவம் பார்த்துவிட்டு முந்தைய நாள் மதியம் திரும்பிய அண்ணி, பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் கட்டிலில் சாய்ந்தாள். சாயங்காலம் சாப்பிட எழுந்தபோது மேசை மேலிருந்த தொலைபேசியைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஊர்ல இருக்கற வயித்துப்பிள்ளைக்காரி எல்லாம் கூடிப் பேசி எனக்கு லீவு குடுத்துட்டாங்க போலடி, கோட்டான்."

"ம்," என்றாள் கோட்டான்.

அவளுடைய பெயர் அதுவல்ல. அண்ணி மருமகளாக இந்த வீட்டுக்குள் வந்த நாளில், பன்னிரண்டு வயது நாத்தனார் ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருப்பா இந்த ஊமைக்கோட்டான்?" என்று அண்ணி கேட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுக்கு வயது இருபத்துமூன்று, கையில் வேதியியல் பட்டம். 'ஊமை' மட்டும் எப்படியோ உதிர்ந்துவிட்டது. அண்ணனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பத்து மாதம் கடலில். வீட்டில் இருப்பது அண்ணியும் அவளும் தொலைபேசியும்தான்.

வாயைத் திறக்க யோசிப்பவளிடம் போய்த் தொலைபேசியை ஒப்படைத்திருக்கிறாயே என்று அண்ணியை எல்லாரும் கேலி செய்வார்கள். அண்ணி தெரிந்தே செய்ததுதான். வலியில் இருப்பவளிடம் பேச்சை வளர்க்கும் ஆள் வேண்டாம். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு முறை வலி, நீர் உடைந்ததா, என்ன நிறம், இதோ வருகிறோம். அவ்வளவுதான். அதைக் கோட்டானைப்போல் சுருக்கமாக யாராலும் கேட்க முடியாது.

அண்ணியின் தொழிலுக்கு இரண்டே சட்டம். ஒன்று, ஒரே எண். "வலி வந்தவளுக்கு ரெண்டு நம்பர் ஞாபகத்துல நிக்காது" என்பாள். தன் கைப்பேசி எண்ணை யாருக்கும் தர மாட்டாள். வீட்டு எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதி, ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டுச் சுவரிலும் தானே ஒட்டிவிட்டு வருவாள். இரண்டாவது சட்டம், கேட்காமல் கிளம்பக் கூடாது. ஆஸ்பத்திரியோ இங்கேயோ எதுவானாலும் முதலில் போன். "மூணாவது மணிக்குள்ள எடுப்போம். எடுக்கலைன்னா நாங்க செத்துட்டோம்னு அர்த்தம்." இதைச் சொல்லும்போது எல்லா வீட்டிலும் சிரிப்பார்கள்.

இன்று காலை ஒன்பது மணிக்குக் கோட்டான் கடைசியாகத் தொலைபேசி அடித்த நேரத்தை எண்ணிப் பார்த்தாள். நேற்றிரவல்ல, அதற்கு முந்தைய இரவு இரண்டு மணி. அப்போது அடித்ததுதான். அதன் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. தவறான எண் என்றுகூட யாரும் இல்லை. நாட்கள் நெருங்கிய பெண்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் வாய் பேசாத ரகமும் அல்ல.

 காரணம் என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல் எழுந்துபோய், தூங்கிக்கொண்டிருந்த அண்ணியின் தலைமாட்டிலிருந்து கைப்பேசியை எடுத்துவந்தாள். தொலைபேசிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீட்டு எண்ணை அழுத்தினாள்.

காதில் மணி அடித்தது. நன்றாக, தெளிவாக அடித்தது.

மேசை மேல் தொலைபேசி சும்மா இருந்தது. அதன் பச்சை விளக்கு விழித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரௌட்டரின் நான்கு விளக்குகளும் விழித்துக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் இல்லை. காதில் இரண்டாவது மணி. மூன்றாவது மணி. நான்கு, ஐந்து. ஐந்துக்கு மேல் போனால் அழைப்பு அவளுடைய கைப்பேசிக்குத் தாவ வேண்டும், அப்படித்தான் அமைத்திருந்தாள். தாவவில்லை. ஆறு, ஏழு. அழைப்பவளும் அவள்தான், எடுக்காமல் உட்கார்ந்திருப்பவளும் அவள்தான். அந்த மணியை வலியோடு ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. கைப்பேசியை மடியில் போட்டாள். மடியிலிருந்தும் மணி சன்னமாக அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் பழைய செம்புக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தில் வந்ததுதான் இந்த நெட் போன். வந்த நாளிலிருந்து தலைவலி. எதிரில் பேசுகிறவர் தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுந்து பேசுவதுபோல் இருக்கும். சில சமயம் கோட்டானின் குரலே ஒரு நொடி கழித்துத் திரும்பி வந்து அவள் காதில் மோதும். கூச்சப்படுகிறவளுக்குத் தன் குரலை இரண்டு முறை கேட்பதைவிடத் தண்டனை உண்டா? அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது பில். கைப்பேசிக்குத் தாவும் ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு அழைப்பு என்று கணக்குப் போட்டிருந்தார்கள். எடுக்காமல் அடித்து ஓய்ந்ததற்கும் காசு. இரண்டு மாதமாக பில் இரட்டிப்பாக வந்தது. அவள் ஐந்து முறை எழுதினாள். ஐந்து முறையும் 'தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது' என்று ஒரே பதில்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். பேசத் தெரியாதவள் கோபப்பட்டால் கையால்தான் காட்டுவாள். கம்பெனியின் தளத்துக்குள் போய், மாதாமாதம் காசு எடுக்கும் அட்டையின் எண்ணை நீக்கிவிட்டாள்.

அண்ணிக்குக் கணக்கு வழக்கில் பொறுமை கிடையாது. "அவன்கூட மல்லுக்கு நிக்காதடி. கட்டித் தொலை. போன்ல மட்டும் விளையாடாத," என்று சொல்லியிருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "கட்டிட்டியா?" கோட்டான் தலையாட்டினாள். தலையாட்டிப் பொய் சொல்வது சுலபம். வாயைத் திறக்க வேண்டியதில்லை.

'சேவை மட்டுப்படுத்தப்படலாம்' என்று மின்னஞ்சல் வந்தது. கெடு தாண்டியது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் மருந்துக்கடை எண்ணை அழுத்துவாள். அங்கே மணி அடித்ததும் வைத்துவிடுவாள். போகிறது, அப்படியென்றால் இணைப்பு இருக்கிறது, வெறும் மிரட்டல்தான், நாம் ஜெயித்துவிட்டோம். நேற்றுச் சாயங்காலம்கூட அண்ணி அதிலிருந்துதான் ஒரு பிள்ளை பெற்றவளைக் கூப்பிட்டு விசாரித்தாள். போவதை மட்டும் சோதித்தவள் வருவதைச் சோதிக்கவே இல்லை. கல்லூரிச் சோதனைச்சாலையில் இப்படி அரைச் சோதனை செய்துவிட்டு முடிவு எழுதியிருந்தால் ஆசிரியை குறிப்பேட்டை முகத்தில் எறிந்திருப்பாள்.

இப்போது தளத்தைத் திறந்து பார்த்தாள். விஷயம் வெட்டவெளிச்சமாக இருந்தது. வெளியே கூப்பிடுவதற்கென்று முன்கூட்டியே போட்டு வைத்த காசு மிச்சம் இருந்தது, அதனால் அது நடந்தது. எண்ணுக்கு மாதாமாதம் தனியாக வாடகை, அதுதான் நின்றுபோனது. வாடகை இல்லாத எண்ணுக்கு வரும் அழைப்புகளை நேற்று விடியற்காலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அழைப்பவருக்கு மணி மட்டும் கேட்குமாம்.

அவள் உடனே கட்டினாள். தகராறு செய்த காசையும் சேர்த்து முழுசாகக் கட்டினாள். 'நான்கு மணி நேரத்துக்குள் சேவை மீளும்' என்று வந்தது. அதைப் பொறுக்க முடியாமல் கம்பெனிக்கே அடித்தாள். கொஞ்ச நேரம் இசை கேட்டது, பிறகு ஒரு இளைஞனின் குரல்.

"மேடம், காசு வந்துருச்சுன்னு காட்டுது. நம்பர் தானாத்தான் ஏறும்."

"இது பிரசவம் பாக்கற வீடுங்க."

"ஹலோ? மேடம், உங்க குரல் உடைஞ்சு உடைஞ்சு வருது."

"பிரசவம் பாக்கற வீடு! நேத்துலேர்ந்து யாரும் கூப்பிட முடியல!"

"கேக்குது மேடம்... கேக்... உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கறேன்."

வைத்துவிட்டாள்.

மூன்று பேரையும் வரிசையாகக் கூப்பிட்டாள். ரொட்டிக்கடைக்காரர் மனைவி முதல் மணியிலேயே எடுத்தாள். "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உள்ள இருக்கறதுதான் வெளிய வர மாட்டேங்குது," என்று சிரித்தாள். அடுத்தது பள்ளிக்கூட ஆசிரியை. நெஞ்செரிச்சல் என்று ஒரு பாட்டம் புலம்பினாள், அதற்கொரு மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொண்டாள். வேறொன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டு மூன்றாவது எண்ணை அழுத்தினாள்.

வெல்டர் வீட்டுக் கைப்பேசி அணைந்திருந்தது.

மறுபடி அழுத்தினாள். அணைந்துதான் இருந்தது. வெல்டரின் மனைவிக்கு இது இரண்டாவது. முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரி நடைபாதையில் தள்ளுவண்டியில் அரை நாள் கவனிப்பாரில்லாமல் கிடந்தவள். அந்தக் குழந்தை தங்கவில்லை. "செத்தாலும் அங்க போக மாட்டேன்" என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைக் கோட்டான் பார்த்திருக்கிறாள். அண்ணி சொன்ன சட்டங்களை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ளும் ரகம். போன் செய்யாமல் கிளம்ப மாட்டாள். எடுக்கும் வரை காத்திருப்பாள்.

கோட்டான் போய் அண்ணியின் கட்டிலருகே நின்றாள்.

அண்ணி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"போன் வேலை செய்யல அண்ணி."

"எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். தூக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. "யார் யாரு இருக்காங்க?"

"ரெண்டு பேரு நல்லா இருக்காங்க. வெல்டர் வீட்டுல போன் ஆஃப்ல இருக்கு."

 அண்ணி தலைமுடியை முடிந்துகொண்டே பையைத் தூக்கினாள்.

அண்ணிதான் வண்டி ஓட்டினாள். அவள் பதற்றமாக இருக்கும்போது வசை நிறைய வரும். சிவப்பு விளக்கைத் திட்டினாள். முன்னால் போன தண்ணீர் லாரியைத் திட்டினாள். பிறகு கம்பெனிக்கு வந்தாள்.

"நல்லா இருப்பானா அவன்? பேசினாக் கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி. இப்ப அதுவும் போச்சு. காசை மட்டும் கரெக்டா வாங்கறான்ல? நாமதான் மாசாமாசம் கொட்டி அழறோமே! கட்டியாச்சுல்ல?"

கோட்டான் தலையாட்டினாள். காலையில் கட்டியாகிவிட்டது, பொய்யில்லை என்று மனசுக்குள் ஒரு குரல் வக்கீல் வேலை பார்த்தது. அந்தக் குரலை அவளாலேயே கேட்கச் சகிக்கவில்லை. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெல்டரின் மனைவி உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கலாம். கைப்பேசி தண்ணீரில் விழுந்திருக்கலாம். இருக்கலாம் இருக்கலாம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஒவ்வொன்றின் அடியிலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பட்டறைகளுக்குப் பின்னால் ஒரே மாதிரி வீடுகளின் வரிசை. வெல்டர் வீட்டை அதன் இரும்புக் கதவால் அடையாளம் தெரியும். மிச்சம் விழுந்த கம்பிகளை வைத்து அவனே பற்றவைத்த கதவு. அதில் ஒரு கம்பி இன்னொன்றைப்போல் இருக்காது. கதவு திறந்தே கிடந்தது. அதைப் பார்த்ததும் அண்ணி வண்டியை நிறுத்தவும் மறந்து இறங்க, கோட்டான்தான் ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தினாள்.

வாசலில் வெல்டரின் அக்கா நின்றிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"வாங்க," என்றாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அண்ணி அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். அறை புழுங்கிக் கிடந்தது. வெல்டரின் மனைவி கட்டிலில் ஒருக்களித்து, தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். முகம் அனலாகச் சிவந்திருந்தது. வெல்டர் இராவேலை உடுப்பைக்கூட மாற்றாமல் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தான். சுவரில் அண்ணியின் கொட்டை எழுத்தில் அந்த எண். அதற்கு நேர் கீழே தரையில் கைப்பேசி மின்சாரம் ஏற்றிக்கொண்டு கிடந்தது.

"நீர் எப்ப உடைஞ்சுது?"

"நேத்து சாயங்காலம்," என்றாள் அக்கா. "அப்பலேர்ந்து அடிக்கறோம். எத்தனை தடவைங்கறீங்க? அடிச்சு அடிச்சு விடிகாலைல போனே செத்துப்போச்சு. ராத்திரி அடைமழை, கரண்டு இல்ல, சார்ஜும் போட முடியல. இவன் வேலையிலேர்ந்து வந்தே ஒரு மணி நேரம்தான் ஆகுது."

அண்ணி துணியை விலக்கிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத முகம் எப்போது வரும் என்று கோட்டானுக்குத் தெரியும்.

"கோட்டான், ஆம்புலன்ஸைக் கூப்பிடு. தாய்க்குக் காய்ச்சல், தண்ணி பச்சையா இருக்கு, குழந்தை வர்ற நேரம்னு சொல்லு. சொல்லிட்டு உள்ள வா."

சொன்னாள். அரை மணி ஆகும் என்றார்கள். உள்ளே வந்தபோது அண்ணி கருவியை வயிற்றில் வைத்து இதயத் துடிப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இரைச்சல், இரைச்சல், பிறகு தூரத்தில் டக், டக், டக். மெதுவாக இருந்தது. இவ்வளவு மெதுவாக இருக்கக் கூடாது.

"அங்க போ... மாட்டேன்," என்றாள் படுத்திருந்தவள்.

"நீ எங்கயும் போகலடி தங்கம். நான் வந்துட்டேன்ல? இப்ப முக்கு. உன் பலம் எல்லாத்தையும் கீழ அனுப்பு. வாய்ல விடாத."

கோட்டான் வழக்கமாக அடுக்களையில்தான் நிற்பாள், வெந்நீர், துணி, எடுபிடி என்று. ரத்தம் பார்த்தால் அவளுக்குக் காது அடைக்கும். இன்று அண்ணி அவளைக் கட்டிலின் ஓரத்தில் நிறுத்திவைத்தாள். எத்தனை முறை முக்கினாள், எவ்வளவு நேரம் என்றெல்லாம் பிறகு அவளுக்கு நினைவில்லை. வெல்டர் மனைவியின் நகங்கள் தன் மணிக்கட்டில் பதிந்தது மட்டும் நினைவிருந்தது. அந்த வலி இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்று நினைத்ததும்.

குழந்தை வந்தது. பெண். அழவில்லை.

ஈரத் துணியைப்போல் அண்ணியின் கையில் துவண்டு கிடந்தது. அண்ணி அதைத் துண்டில் போட்டு முதுகைத் தேய்த்தாள், தலையை நிமிர்த்தினாள், சின்ன முகமூடியை வாயிலும் மூக்கிலும் பொருத்தி, அதோடு இணைந்த காற்றுப் பையை அழுத்திக் காற்றுக் கொடுத்தாள்.

"கோட்டான். தொப்புள்கொடியோட அடில ரெண்டு விரலை வை. துடிக்குதா?"

"ம்."

"வாயில சொல்ல வேணாம். துடிக்கற மாதிரியே அந்தக் கட்டையில தட்டிக்கிட்டே இரு. எனக்குக் கேக்கணும்."

கோட்டான் இடது கை விரல்களைக் கொடியின் அடியில் வைத்தாள். வலது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினாள். டக். ஒரு பெரிய இடைவெளி. டக். மறுபடி இடைவெளி. அண்ணி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பையை அழுத்தினாள். அறையில் வேறு சத்தமே இல்லை. வெல்டர் சுவரோடு சுவராக நின்றான். அடுத்த துடிப்பு வராமல் போனால் இந்தக் கை என்ன செய்யும் என்று கோட்டான் நினைத்தாள். தட்டாமல் நின்றுவிட்டால் அது இந்த அறைக்கு என்ன சொல்லும்? டக். டக். இடைவெளி சுருங்கியது. விரலில் ஏதோ விழித்ததுபோல் இருந்தது. டக், டக், டக். அவளுடைய கையால் ஈடுகொடுக்க முடியாத வேகம் வந்தது.

குழந்தை ஒரு முறை தும்மியது. பிறகு, யாரோ பழைய கதவைத் திறப்பதுபோல், அழுதது.

வெல்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். அண்ணி குழந்தையைத் தாயின் மார்பில் போட்டு மூடிவிட்டு, "அழட்டும். எவ்வளவு அழுதாலும் நல்லது," என்றாள். "ஆனா ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆகணும். காய்ச்சல் இருக்கு, பிள்ளை அழுக்குத் தண்ணிய உறிஞ்சியிருக்கும். நானும் கூட வர்றேன். கையை விட மாட்டேன்."

தாய் கண்ணை மூடித் தலையசைத்தாள். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை.

வெல்டர் எழுந்துபோனான். அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, நான்காக மடித்த நோட்டுக்களை இரண்டு கையாலும் அண்ணியிடம் நீட்டினான். பற்றவைத்துப் பற்றவைத்து விரல் முனையெல்லாம் கருத்த கை.

"இத்தனை மாசம் நீங்க வந்து பாத்ததுக்கான பாக்கில பாதிதான் இருக்கு. மீதிய சம்பளம் வந்ததும் நானே கொண்டு வந்து குடுத்துடறேன். மனசுல வச்சுக்காதீங்க."

அண்ணிக்குப் புரியவில்லை. "இப்ப எதுக்குப்பா இது? நான் கேட்டேனா?"

"கேக்கலதான்," என்றாள் அக்கா, முதுகைத் திருப்பியபடியே. "போனை எடுக்காம இருந்தீங்க. அதுக்கு வேற என்ன அர்த்தம்? நம்பரைப் பாத்துட்டு, ஓ, பாக்கிக்காரங்க, அடிச்சு ஓயட்டும்னு விட்டீங்க."

"ஐயையோ, என்னம்மா சொல்றீங்க!"

"நான் சொல்லல. இவ சொன்னா. காலைல இவன், நான் அவங்க வீட்டுக்கே போய்க் கூட்டிட்டு வரேன்னு கிளம்பினான். இவதான் காலைப் பிடிச்சுக்கிட்டா. பாக்கி வச்சுட்டு அவங்க வாசல்ல போய் நிக்காதீங்க, மானம் போகும், அவங்களா மனசு எறங்கி வந்தா வரட்டும்னு."

கட்டிலில் இருந்தவள் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணோரத்திலிருந்து ஒரு கோடு காதுக்குள் இறங்கியது.

"போன் கெட்டுப்போச்சும்மா," என்றாள் அண்ணி. கோட்டானுக்குத் தெரிந்து அண்ணியின் குரல் இப்படிக் கெஞ்சியதே இல்லை. "சத்தியமா. கம்பெனிக்காரன் பண்ணின வேலை. எங்களுக்கு ஒரு மணிகூட அடிக்கல."

அந்த நேரம் பார்த்துக் கோட்டானின் இடுப்பில் கைப்பேசி அடித்தது.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் எடுத்துப் பார்த்தாள். திரையில் வீட்டு எண் இருந்தது. ஐந்து மணி அடித்து, அங்கே ஆள் இல்லாமல், இங்கே தாவி வந்திருக்கிறது. எண் ஏறிவிட்டது. இரண்டாவது மணி. மூன்றாவது மணிக்குள் விரல் தானாகவே அழுத்திவிட்டது.

"டீச்சர் பேசறேன்," என்றது மறுமுனை, அறை முழுக்கக் கேட்கும்படி, ஒரு பிசிறு இல்லாமல். "நீங்க சொன்ன நெஞ்செரிச்சல் மாத்திரை பேரு மறந்துபோச்சு. அதான் உங்க வீட்டு நம்பருக்கு அடிச்சேன்."

"அப்புறம் கூப்பிடறேங்க," என்று வைத்தாள்.

"பாத்தியாடா?" என்றாள் அக்கா தம்பியிடம். கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "கெட்டுப்போன போனாம்."

"விடுக்கா," என்றான் வெல்டர். நீட்டிய கையை அவன் மடக்கவில்லை. "அவங்க மேல என்ன தப்பு? காசு குடுக்காம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிட்டோம்? தப்பு நம்மளதுதான். கட்டாதது நாமதானே?"

அண்ணி கோட்டானைப் பார்த்தாள்.  அந்தப் பார்வையில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்ட கேள்வி இருந்தது, வண்டியில் கேட்ட கேள்வியும் இருந்தது. இரண்டுக்கும் கோட்டான் தலையைத்தான் ஆட்டியிருந்தாள். இப்போது எந்தப் பக்கம் ஆட்டினாலும் போதாது. குழந்தை தாயின் மார்பில் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தது. தெருமுனையில் ஆம்புலன்ஸின் ஊளை கேட்டது. அது வந்து எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டால் இந்த வீடு காலாகாலத்துக்கும் இப்படியே நம்பிக்கொண்டிருக்கும். அண்ணி அந்தப் பழியைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போவாள்.

கோட்டான் வாயைத் திறந்தாள்.  

"கட்டாதது நீங்க இல்லண்ணே," என்றாள். "நான்தான். போனுக்குக் கட்ட வேண்டிய காசை நான்தான் கட்டல. மறந்துபோய் இல்ல. வேணும்னே கட்டல."